கோலாலம்பூரில் சிக்கன விடுதி: ஜன்னல் இல்லாத அறையை எடுக்கலாமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வரும் மே மாதம் அம்மா, மனைவி, நான் மூவரும் கோலாலம்பூர் போகிறோம். நான்கு இரவுகள். அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. இருந்தாலும் பத்துமலை முருகனைப் பார்க்காமல் திரும்பமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். இரவுக்கு 120 முதல் 150 ரிங்கிட் வரை கொடுக்க முடியும். மூவருக்கும் ஒரே அறை கிடைத்தால் நல்லது.

முன்பதிவுத் தளங்களில் தேடினால் ஒரே விடுதியில் இரண்டு விலை தெரிகிறது. ஜன்னல் இல்லாத அறைக்கு ஒன்று, ஜன்னல் உள்ள அறைக்கு 25, 30 ரிங்கிட் கூடுதலாக இன்னொன்று. நம் பக்கத்தில் ஜன்னல் இல்லாத அறையைச் சரக்கறை என்றுதான் சொல்வோம். அதை வாடகைக்கு விடுவதும் அதற்குத் தனி விலை போடுவதும் எனக்குப் புதிது. அங்கே இது வழக்கம்தானா? பகுதியும் சொல்லுங்கள்: பிரிக்பீல்ட்ஸ், சைனாடவுன், புக்கிட் பிந்தாங் மூன்றில் எது?

தனிப்பயணி

எடுங்கள். பகல் முழுவதும் ஊர் சுற்றப் போகிறீர்கள், இரவில் கண்ணை மூடித் தூங்கப் போகிறீர்கள். மூடிய கண்ணுக்கு ஜன்னல் எதற்கு? கோலாலம்பூர், சிங்கப்பூர் இரண்டிலும் நான் எப்போதும் ஜன்னல் இல்லாத அறைதான் எடுப்பேன். இருட்டாக, அமைதியாக, குளிர்ச்சியாக இருக்கும். மிச்சமாகும் பணத்தில் மூவரும் நன்றாகச் சாப்பிடலாம்.

மழைக்குருவி

தனிப்பயணி தனியாகப் போகிறவர், அவருக்குச் சரி. வயதான அம்மாவோடு போகிறவருக்கு இந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.

என் பெற்றோரோடு சைனாடவுன் அருகே அப்படி ஓர் அறையில் தங்கினோம். விடுதியின் பெயர் வேண்டாம். கதவைத் திறந்ததும் ஈரத்துணி வாடை. மூன்று பேர் குளித்து முடித்தால் குளியலறை ஈரம் வெளியே போக வழியில்லை, அறைக்குள்ளேதான் சுற்றும். இரவு தொங்கவிட்ட துண்டு காலையிலும் நனைந்தே இருந்தது. அப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. இரவெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் வேறு அறை கேட்டால் "எல்லாம் நிரம்பிவிட்டது" என்றார்கள். விடிந்ததா இல்லையா என்று தெரியாமல் அம்மா அதிகாலை மூன்று மணிக்கே குளித்து உட்கார்ந்துவிட்டார், அது தனி வேடிக்கை.

தனிப்பயணி

» குளியலறை ஈரம் வெளியே போக வழியில்லை

அது உங்கள் விடுதியின் காற்றிழுக்கும் விசிறி பழுது. ஜன்னல் என்ன செய்யும்? ஜன்னல் உள்ள அறையிலும் குளியலறை உள்ளேதான் இருக்கும்.

இரவுப்பணி

இருவர் சொல்வதிலும் பாதி இருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு சிறு விடுதியின் வரவேற்பு மேசையில் சில ஆண்டுகள், பெரும்பாலும் இரவு நேரத்தில், வேலை பார்த்தவன் நான். இப்போது வேறு தொழில் என்பதால் யாருக்கும் பரிந்து பேச வேண்டிய அவசியம் இல்லை.

இந்த அறைகள் எப்படி உருவாகின என்று தெரிந்தால் முடிவெடுப்பது எளிது. பழைய நகரப் பகுதியில் சிக்கன விடுதிகள் பலவும் கடைவீடுகளில் இயங்குகின்றன. கீழே கடை, மேலே வீடு என்று கட்டப்பட்டவை. முகப்பு குறுகல், நீளம் மிக அதிகம். இரு பக்கமும் அடுத்த கட்டடத்தோடு பொதுச் சுவர். ஆகவே வெளிச்சம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும்தான் வரும். நடுப்பகுதிக்காக அந்தக் காலத்தில் வானம் தெரியும் சிறு முற்றம் ஒன்றை விட்டிருப்பார்கள். அதை விடுதியாக மாற்றும்போது நடுவே ஒரு நடைவழி விட்டு, இரு பக்கமும் தடுப்புச் சுவர் எழுப்பி அறைகளாக வெட்டுவார்கள். முன்புறம் ஒன்றிரண்டு, பின்புறம் ஒன்றிரண்டு அறைகளுக்கு ஜன்னல் கிடைக்கும். இடையில் இருப்பவை எல்லாம் பெட்டிகள். முற்றத்துக்கும் பல இடங்களில் கூரை போட்டுவிட்டார்கள்.

எனவே "ஜன்னல் உள்ள அறை" என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். தெருவைப் பார்த்த ஜன்னலும் ஜன்னல்தான். முற்றத்தைப் பார்த்து, எதிரே ஏசி இயந்திரங்களின் முதுகு மட்டும் தெரிவதும் ஜன்னல்தான். நடைவழியைப் பார்த்த கண்ணாடித் தடுப்பையும் ஜன்னல் என்று எழுதும் விடுதிகள் உண்டு. இன்னும் சில இடங்களில் அழகான திரைச்சீலை தொங்கும், விலக்கினால் சுவர்! புகைப்படத்தில் திரை மூடியே இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

விடுதிக்கே செய்தி அனுப்பிக் கேளுங்கள்: ஜன்னல் கட்டடத்துக்கு வெளியே பார்த்ததா, அதைத் திறக்க முடியுமா? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு அறையைக் காட்டினால் அந்த எழுத்தைக் காட்டிப் பேசலாம். நாங்களும் அப்படி எழுத்தோடு வருகிறவருக்குத்தான் முதலில் வழிவிடுவோம், உண்மையைச் சொல்வதானால்.

வாடை பற்றி: ஜன்னல் இல்லாமை அதில் ஒரு பங்குதான். சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் அறைகளில், நீங்கள் காலையில் அட்டையை எடுத்துக்கொண்டு போனதும் ஏசி நின்றுவிடும். குளியலறையின் ஈரமும் ஊரின் புழுக்கமும் சேர்ந்து பகல் முழுவதும் மூடிய அறையில் ஊறும். தரைவிரிப்பு இருந்தால் அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஓடு பதித்த தரையுள்ள ஜன்னலில்லா அறை, விரிப்புள்ள ஜன்னல் அறையைவிட எவ்வளவோ மேல். நான் போனால் முதலில் தரையைத்தான் பார்ப்பேன்.

தனிப்பயணி சொன்ன குளிர்ச்சியும் உண்மை. மேற்கு வெயில் விழும் ஜன்னல் அறையில், அதுவும் கூரைக்குக் கீழே உள்ள கடைசி மாடியில், பிற்பகல் மூன்று மணிக்கு ஏசி திணறும்.

தனிப்பயணி

ஓட்டுத்தரை யோசனை அருமை. குறித்துக்கொண்டேன். ஆனாலும் தெருப்பக்க ஜன்னல் என்றால் தெருவின் சத்தமும் சேர்த்துத்தான் வாடகை என்பதை வைகைக்கரை மறந்துவிட வேண்டாம்.

செந்தூல்வாசி

நான் இவ்வூர்க்காரன். பகுதியைப் பற்றி நான் சொல்கிறேன்.

புக்கிட் பிந்தாங் இளையவர்களுக்கு. ஜாலான் அலோர் தெரு முழுவதும் உணவுக் கடைகள், இரவு வெகுநேரம் வரை கூட்டமும் புகையும் இருக்கும். சங்காட் பக்கம் மதுக்கூடங்கள், விடியற்காலை வரை பாட்டு. உங்கள் அம்மா தூங்க மாட்டார்.

சைனாடவுனில் இருக்கும் வசதி, பசார் செனி நிலையம். எல்ஆர்டி, எம்ஆர்டி என்ற நகர ரயில்கள் இரண்டும் அங்கே நிற்கும். ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் கோவில் நடந்துபோகும் தூரம். 1873-இல் எழுந்த கோவில் அது, தைப்பூச வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவதும் அங்கிருந்துதான். மே மாதம் என்பதால் உங்களுக்குக் கவலையில்லை. தைப்பூசத்தை ஒட்டி வருகிறவர்கள் மட்டும் வெகு முன்னதாகவே அறையைப் பிடித்துவிட வேண்டும், சாலைகளும் மூடப்படும். குறை என்னவென்றால், அங்கே பெரும்பாலும் இரவுப்பணி அண்ணன் சொன்ன மாதிரிக் கடைவீட்டு விடுதிகள்.

என்னைக் கேட்டால் பிரிக்பீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. விமான நிலைய ரயில், பத்துமலைக்குப் போகும் கேடிஎம் கொமுட்டர் என்ற புறநகர் ரயில், எல்ஆர்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ். மோனோரயில் மட்டும் பேரங்காடியைக் கடந்து மறுபக்கம். பசியாற வாழையிலைக் கடைகளும் இட்லி தோசையும் தெருவுக்குத் தெரு உண்டு, அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கவலை இராது. பெயரே செங்கல்லால் வந்ததுதான். 1881-இல் தீயும் வெள்ளமும் பழைய நகரத்தை அழித்த பிறகு, இனி செங்கல்லாலும் ஓட்டாலும்தான் கட்ட வேண்டும் என்று அன்றைய ஆங்கிலேய அதிகாரி ஸ்வெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அந்தச் செங்கல்லுக்குச் சூளைகள் இருந்த இடம் இது. நீங்கள் ஜன்னல் தேடி அலையும் கடைவீடுகளுக்கும் மூலம் இங்கேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பிரிக்பீல்ட்ஸின் ஒருசில பின்சந்துகள் இரவில் குடும்பத்தோடு நடக்கத் தோதானவை அல்ல. துன் சம்பந்தன் சாலையை ஒட்டியோ நிலையத்துக்கு அருகிலோ பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

விலையைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லையே. வெளிநாட்டவர் மலேசியாவில் தங்கினால் சுற்றுலா வரி உண்டு. 2017 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். ஆளுக்கு என்று கணக்கில்லை, அறைக்குத்தான். நீங்கள் மூவரும் ஒரே அறையில் தங்கினால் நான்கு இரவுக்கு 40, இரண்டு அறை எடுத்தால் 80.

இதை முன்பதிவின்போதே வாங்கிவிடும் தளங்கள் உண்டு. அங்கே வாங்காமல் விட்டால் விடுதிக் கவுண்டரில் ரொக்கமாகக் கேட்பார்கள். ரசீதை அச்சிட்டு எடுத்துப் போங்கள், இரண்டு முறை கட்டிவிடாதீர்கள். இதைத் தவிர, பதிவு பெற்ற விடுதிகள் 8 விழுக்காடு சேவை வரி போடும், 2024 மார்ச்சுக்கு முன் அது 6. தளத்தில் பெரிய எழுத்தில் தெரியும் விலை வரிக்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள். 130 ரிங்கிட் அறை நான்கு இரவுக்கு 520. இரண்டு வரியும் சேர்ந்தால் 601 ரிங்கிட் 60 காசு. உங்கள் 150 வரம்பை அது தொட்டுவிடுகிறது.

சாவிக்கு முன்பணம் என்று 50 ரிங்கிட் கேட்பதும் வழக்கம். துண்டுச்சீட்டு வாங்காமல் கொடுக்காதீர்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. வரியைப் பற்றிச் சுத்தமாகத் தெரியாது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இரண்டு விடுதிகளைக் குறித்திருக்கிறேன். ஒன்றில் "மின்தூக்கி உண்டு" என்று இருக்கிறது. இன்னொன்றில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆனால் அறை முதல் மாடிதான் என்கிறார்கள். முதல் மாடி என்றால் அம்மா மெதுவாக ஏறிவிடுவார். சரிதானே?

இரவுப்பணி

அவசரப்படாதீர்கள். கீழே கடை இருப்பதால் வரவேற்பு மேசையே முதல் மாடியில் இருக்கும் விடுதிகள் நிறைய. தெருவிலிருந்து ஒரே மூச்சாக ஏறும் குறுகிய படிக்கட்டு, நடுவில் நின்று இளைப்பாற இடம் இராது. வணிகத் தளம் என்பதால் கீழ்த்தளத்தின் உயரமும் வீட்டைவிட அதிகம், நம் வீட்டு முதல் மாடியை மனத்தில் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மழை பெய்த பிறகு அந்த ஓட்டுப்படி வழுக்கும். பெட்டிகளோடு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். மின்தூக்கி தெருமட்டத்திலிருந்தே தொடங்குகிறதா என்றும் கேளுங்கள். நான்கு படி ஏறிய பிறகு மின்தூக்கி வைத்திருக்கும் கட்டடங்களும் உண்டு.

படிக்கட்டுப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் இல்லாத அறையை நான் தயக்கத்தோடு பார்ப்பதற்கு வாடை காரணமில்லை, தீதான் காரணம். நடைவழியில் புகை நிரம்பினால் அந்த அறைக்கு வேறு காற்று கிடையாது. எந்த விடுதியானாலும் உள்ளே போனவுடன் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று நடந்தே பாருங்கள். பின்பக்கக் கதவில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தால் மேசையில் கேளுங்கள். பூட்டியிருப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் திருட்டுப் பயமாகத்தான் இருக்கும். அந்தப் பதிலில் நீங்கள் திருப்தி அடைய வேண்டியதில்லை. அவசர எண் 999.

தனிப்பயணி

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. தனியாகப் போகும்போது நான் ஓடிவிடுவேன், எழுபது வயது அம்மாவால் முடியாது. வைகைக்கரை, ஜன்னல் அறையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் மட்டும் என் ஜன்னலில்லாப் பெட்டியை விட மாட்டேன்.

மழைக்குருவி

கடைசியில் ஒத்துக்கொண்டார்!

மூட்டைப்பூச்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. மலிவு விடுதிக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். அது பயணிகளின் பெட்டியில் ஏறி வரும் பூச்சி, நட்சத்திரம் பார்ப்பதில்லை. உள்ளே போனதும் பெட்டிகளைப் படுக்கையில் வைக்காமல் குளியலறையின் காய்ந்த மூலையில் வையுங்கள். விரிப்பை நீக்கி, மெத்தையின் தையல் ஓரத்தையும் தலைமாட்டுப் பலகையின் பின்பக்கத்தையும் கைப்பேசி விளக்கால் பாருங்கள். மிளகுத்தூள் தெளித்த மாதிரிக் கரும்புள்ளிகள் இருந்தால் பேச்சே வேண்டாம், வேறு அறை கேளுங்கள். அடுத்த அறையைக் கேட்காதீர்கள், வேறு மாடியில் கேளுங்கள். தடுப்புச் சுவர் வழியே அது பக்கத்து அறைக்குப் போகும். ஊர் திரும்பியதும் சந்தேகம் இருந்தால் துணிகளை நல்ல சூட்டில் உலர்த்தினால் சாகும், வெறும் தண்ணீரில் அலசினால் சாகாது. கோலாலம்பூரில் நாணயம் போட்டுத் துவைக்கும் டோபிக் கடைகளில் சூட்டு உலர்த்தி இருக்கிறது.

கொசுவுக்கு மருந்தும் எடுத்துப் போங்கள். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், ஜன்னல் அறைக்கு அது ஒரு குறை.

கணக்குப்பிள்ளை

விமர்சனங்களைப் படிக்கும்போது புதியவற்றை முதலில் வரிசைப்படுத்திப் படியுங்கள். மொத்த மதிப்பெண் ஐந்து ஆண்டுக்கு முந்தைய நல்ல பெயரையும் சேர்த்துக் காட்டும். கூட்டாகப் புகழ்ந்த பத்து வரியைவிட, "ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது, சொன்னதும் ஆள் வந்து சரிசெய்தார்" என்ற ஒரு குறை எனக்கு நம்பிக்கை தரும். தங்கியவர்கள் எடுத்த படங்களை மட்டும் பாருங்கள்.

நெறியாளர்

இடையில் விடுதிப் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. விளம்பரத்துக்கு இது இடமில்லை. உரையாடல் தொடரட்டும்.

செந்தூல்வாசி

பத்துமலைக்குக் கேஎல் சென்ட்ரலிலிருந்தே கொமுட்டர் இருக்கிறது, சில ரிங்கிட்தான் கட்டணம், இறங்கினால் கோவில் வாசல். வண்டிகள் இடைவெளி விட்டுத்தான் வரும், நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. மே மாதத்தில் பிற்பகல் இடிமழை வழக்கம். 272 படிகளும் நனைந்திருக்கும்போது குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கினால் முழங்கால் வலிக்காரர் தடுமாறுவார். அம்மாவால் ஏற முடியாவிட்டால் மனம் வருந்த வேண்டாம். 42.7 மீட்டர் உயர முருகன் சிலை கீழேதான் நிற்கிறது, அடிவாரத்திலும் சன்னிதிகள் உண்டு.

சின்ன விஷயங்கள்: மின்செருகி மூன்று செவ்வக முனை உள்ளது, இந்தியச் செருகி நேராகப் போகாது, மாற்றுச் செருகி எடுத்து வாருங்கள். குழாய்த் தண்ணீரை இங்கே நாங்களே கொதிக்க வைத்துத்தான் குடிப்போம், அறையில் மின்கெண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். டுரியான் வாங்கினால் தெருவிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அறைக்குள் கொண்டுபோகத் தடை என்று படம் போட்டு ஒட்டியிருப்பார்கள், அபராதமும் போடுவார்கள்.

இரவுப்பணி

டுரியான் ஒட்டுப்படத்தைச் சிரித்துக்கொண்டே படமெடுப்பவர்கள், மறுநாள் பையில் மூடிக் கொண்டுவருவார்கள். மேசையைத் தாண்டும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஜன்னல் இல்லாத அறையில் ஒருவர் அதைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டால் அந்த அறையை மறுநாள் யாருக்கும் கொடுக்க முடியாது.

வைகைக்கரை

மின்தூக்கி உள்ள விடுதிக்கு எழுதிக் கேட்டேன். தெருமட்டத்திலிருந்தே மின்தூக்கி, தரை ஓடு, ஜன்னல் பின்பக்கச் சாலையைப் பார்த்தது, பாதியளவு திறக்கும் என்று பதில் வந்திருக்கிறது. மூவர் அறை 138 ரிங்கிட், சேவை வரி அதிலேயே சேர்த்தி, சுற்றுலா வரி மட்டும் கவுண்டரில். பதிவு செய்துவிட்டேன். மற்ற விடுதிக்காரர் ஜன்னலைப் பற்றிக் கேட்டதற்கு "அறை மிக அழகாக இருக்கும்" என்று மட்டும் எழுதினார்.

இன்னொரு சிக்கல். திருச்சியிலிருந்து நள்ளிரவு விமானம், இரண்டாம் முனையத்தில் காலை ஏழு மணிக்கு இறங்குகிறோம். அறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்குமாம். அம்மாவை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் என்ன செய்வது? ரயிலா, காரா?

கணக்குப்பிள்ளை

மூன்று பேருக்குக் கார். விரைவு ரயில் இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடத்தில் கொண்டுபோய்விடும், ஆனால் ஆளுக்கு 55 ரிங்கிட், மூவருக்கு 165. கிராப் செயலியில் கார் அதைவிடக் குறைவாகவே வரும், விடுதி வாசலிலேயே இறங்கலாம். தனியாக இருந்தால் பஸ் என்பேன். ஒரு மணி நேரம் ஆகும், ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. வருகைப் படிவத்தை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். அரசுத் தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளம் போலி.

இரவுப்பணி

விடுதிக்கு இன்னொரு செய்தி போடுங்கள்: "காலை ஒன்பது மணிக்கு வருகிறோம், வயதான அம்மா உடன் இருக்கிறார், முந்தைய நாள் காலியாக இருக்கும் அறை ஏதாவது முதலில் சுத்தமானால் எங்களுக்குக் கொடுங்கள்." முந்தைய இரவு விடுதி நிரம்பாமல் இருந்தால் பதினொரு மணிக்கே கொடுத்துவிடுவார்கள். வார நாளில் வாய்ப்பு அதிகம், ஞாயிறு காலையில் குறைவு, ஏனென்றால் சனி இரவு உள்ளூர்க் கூட்டம் வந்து தங்கும். எப்படியானாலும் பெட்டிகளை மேசையில் இலவசமாக வைத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டையும் மருந்தையும் மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை நகலெடுக்கக் கேட்பார்கள், அது முறை. முன்பணத்துக்குப் பதிலாக அதையே வைத்துக்கொள்கிறேன் என்றால் மறுத்துவிட்டு 50 ரிங்கிட்டைக் கொடுங்கள்.

முன்கூட்டியே அறைக்கு வரக் கட்டணம் கேட்டால் எவ்வளவு என்று கேளுங்கள். 30, 40 ரிங்கிட்டுக்குள் என்றால் அம்மாவுக்காகக் கொடுத்துவிடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வைகைக்கரை

இப்போதே எழுதுகிறேன். நாங்கள் இறங்குவது புதன்கிழமை.

செந்தூல்வாசி

புதன் என்றால் கிடைத்துவிடும். அறை தாமதமானால் பெட்டியைப் போட்டுவிட்டு நேரே பசியாறப் போங்கள், அம்மாவுக்கு மோர் கேட்டால்கூடக் கொடுப்பார்கள்.